மழை எங்கிருந்து வருகிறது? மலையகப் பிள்ளைகளுக்கு நீர் வட்டத்தை விளக்குவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில் முன்பள்ளி முதல் ஐந்தாம் தரம் வரையான பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளே கேட்டுப் பெரியவர்களைத் திணறவைக்கும் கேள்விகளும் இடையே உள்ளன. மேகம் வீட்டு வாசலுக்கே வந்துபோகும் ஊரில் வாழும் பிள்ளைக்கு நீர் வட்டத்தை வெறும் படத்தைக் காட்டிக் கற்பிப்பது பெரியதொரு வாய்ப்பை நழுவவிடுவதாகும் என்பதே எனது உறுதியான கருத்து. பதில்கள் அந்த எண்ணத்திலேயே எழுதப்பட்டுள்ளன.

பாடநூல் படங்கள் கடலில் தொடங்குகின்றன. நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வட்டத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே பிள்ளைக்குப் பழக்கமான எந்த இடத்திலிருந்தும் தொடங்கலாம். மஸ்கெலியாவிலோ அக்கரப்பத்தனையிலோ வாழும் ஐந்து வயதுப் பிள்ளை கடலை நேரில் பார்த்திராமல் இருக்கலாம். ஆனால் தேயிலை மலையை மறைத்துக்கொண்டு ஏறிவரும் பனிமூட்டத்தையும், லயத்துக்கு (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) மேலேயுள்ள ஊற்றிலிருந்து பீலிக்கு (நீர்க் குழாய்க்கு) வரும் தண்ணீரையும், மழை நாளில் கான்களில் (வடிகால்களில்) பாய்ந்தோடும் கலங்கல் நீரையும் அந்தப் பிள்ளை நாள்தோறும் பார்க்கிறது. இவை மூன்றும் நீர் வட்டத்தின் மூன்று கட்டங்கள். இவற்றை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டிய பின்னர் கடலைப் பற்றிப் பேசினால், கடல் அந்தப் பிள்ளைக்குப் பொருளற்ற சொல்லாக இராது. பீலித் தண்ணீர் போய்ச் சேரும் இடமாக விளங்கும்.

பனிமூட்டமும் மேகமும் ஒன்றேதானா?

ஆம். நிலத்தைத் தொட்டு நிற்கும் மேகத்தையே நாம் பனிமூட்டம் என்கிறோம். இரண்டும் காற்றில் மிதக்கும் மிகச் சிறிய நீர்த்துளிகளால் ஆனவை. ஒரு துளியின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீற்றர் மட்டுமே என்பதால் தனித்தனித் துளிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. கோடிக்கணக்கில் சேர்ந்து நிற்கும்போது வெண்மையாகத் தெரிகின்றன.

மேகம் புகையால் ஆனது என்றோ பஞ்சால் ஆனது என்றோ நம்பும் பிள்ளைகள் பலர். அந்த எண்ணத்தைச் சொற்களால் திருத்துவது கடினம். பனிமூட்டமுள்ள காலை ஒன்றில் பிள்ளையை வெளியே சிறிது தூரம் நடத்திச் சென்று, திரும்பியதும் தலைமயிரையும் கம்பளிச் சட்டையின் மேற்புறத்தையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புற்களுக்கிடையேயுள்ள சிலந்தி வலையையும் காட்டுங்கள். மழை பெய்யவில்லை, யாரும் நீர் தெளிக்கவுமில்லை; இருந்தும் எல்லாம் நனைந்திருக்கின்றன. மேகத்துக்குள் நடந்து வந்திருக்கிறாய் என்று அப்போது சொன்னால் பிள்ளை அதனை ஏற்றுக்கொள்ளும். டிசெம்பர் மாதப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் வரை நீடிக்கும் யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாதமலைக்குச் சென்று வந்தவர்கள் வீட்டில் இருந்தால், உச்சியிலிருந்து கீழே பார்த்தபோது மேகம் காலடியில் கிடந்ததை அவர்களையே சொல்லச் சொல்லலாம். கொழும்பில் இருப்பவர் அண்ணாந்து பார்க்கும் மேகமும் நாம் ஊடே நடந்து செல்லும் பனிமூட்டமும் உயரத்தால் மட்டுமே வேறுபடுகின்றன.

காய்ந்த துணியில் இருந்த தண்ணீர் எங்கே போனது?

காற்றுக்குள் போனது என்பதே சரியான விடை. "மறைந்துவிட்டது", "இல்லாமல் போய்விட்டது" என்று சொல்வதைப் பெரியவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். ஏனெனில், நீர் அழிந்துபோகும் என்ற எண்ணம் இந்த இடத்தில் ஊன்றிவிட்டால், பின்னர் மேகம் எப்படி உருவாகிறது என்பதைப் பிள்ளையால் விளங்கிக்கொள்ள இயலாது. நீரின் மிகச் சிறிய துணிக்கைகள் ஒவ்வொன்றாகத் துணியை விட்டுக் காற்றோடு கலக்கின்றன. அவ்வாறு கலந்த நீரே நீராவி. அது கண்ணுக்குத் தெரியாது.

இதற்கு நீர் கொதிக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சீமெந்துத் தரையில் சிறிது நீரை ஊற்றி, அதன் விளிம்பைச் சுற்றி வெண்கட்டியால் கோடு வரையச் செய்து, அரை மணி நேரத்துக்கொரு முறை புதிய கோடு வரையச் சொன்னால், கோடுகள் உள்நோக்கிச் சுருங்கிச் செல்வதைப் பிள்ளை தானே காணும். வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றுமாக இரண்டு இடங்களில் செய்தால் இன்னும் நன்று. ஆனி, ஆடி மாதங்களில் துவைத்த துணிகள் பல நாட்களாகியும் காயாமல், அடுப்புக்கு மேலே கொடி கட்டிப் போடப்படுவதை நம் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். அந்த மாதங்களில் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால், துணியிலிருந்து புதிதாக நீரை ஏற்பது மிக மெதுவாகவே நடக்கிறது. அடுப்பின் வெப்பமோ, வேகமான உலர்ந்த காற்றோ அதனை விரைவுபடுத்தும்.

தேயிலைத் தொழிற்சாலையை உதாரணமாகக் காட்டலாமா?

கட்டாயம் காட்டுங்கள், ஆவியாதலுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் நம் ஊர்களில் இல்லை. பறித்த கொழுந்தின் நிறையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீர். அதனை வாட்டும் தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து காற்றைச் செலுத்தும்போது நீரின் ஒரு பகுதி ஆவியாகிக் கொழுந்து துவள்கிறது. எஞ்சிய நீரின் பெரும்பகுதி பின்னர் உலர்த்தும்போது வெளியேறுகிறது. ஒரு கிலோ தேயிலைத் தூள் பெறுவதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்து தேவைப்படுவதன் காரணம் இதுவே. தாய் முதுகில் சுமந்து வரும் கூடையின் பாரத்தில் பெரும்பகுதி மலையில் பெய்த மழைதான் என்று பிள்ளைக்குச் சொல்லும்போது, நீர் வட்டம் தன் குடும்பத்தின் உழைப்போடும் தொடர்புடையது என்பதை அது உணரும்.

கேத்தலின் வாயிலிருந்து வெண்மையாக வருவது நீராவியா?

பாதி சரி. கேத்தல் கொதிக்கும்போது மூக்கை ஒட்டினாற்போல ஒரு சிறு இடைவெளி வெறுமையாகத் தெரியும். உண்மையான நீராவி அங்கேயே இருக்கிறது. சற்றுத் தள்ளி வெண்மையாகத் தெரிவது, குளிர்ந்த காற்றில் பட்டு மீண்டும் நீர்த்துளிகளாக மாறிய நீராவி. அதாவது, சமையலறையில் உருவான ஒரு சிறு மேகம். அந்த வெற்றிடம்போலத் தெரியும் பகுதி கையைக் கடுமையாகச் சுட்டுவிடும் என்பதால், பெரியவரே கேத்தலைக் கையாண்டு, பிள்ளையைத் தூரத்தில் நிறுத்திக் காட்ட வேண்டும். மூத்த பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லலாம்: ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் குறைவாக இருப்பதால், நீர் 100 பாகை செல்சியசை எட்டாமல் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது.

ஒடுங்குதலை, அதாவது நீராவி மீண்டும் நீராக மாறுவதை, எளிதாக எப்படிக் காட்டுவது?

குளிர்ந்த காலையில் யன்னல் கண்ணாடியின் உட்புறம் நனைந்திருப்பதைக் காட்டுவதே போதும். முகம் பார்க்கும் கண்ணாடியில் வாயால் ஊதச் செய்வதும் உடனே பலன் தரும்.

குளிர்ந்த நீருள்ள போத்தலின் வெளிப்புறத்தில் துளிகள் தோன்றும்போது, போத்தல் ஒழுகுகிறது என்றே பெரும்பாலான பிள்ளைகள் கூறுவார்கள். அது நல்ல ஊகம். அதை மறுக்காமல் சோதித்துப் பார்க்க விடுங்கள். நீருக்குள் நிறமூட்டியோ பீற்றூட் சாறோ கலந்து குளிரவைத்தால், வெளியே படியும் துளிகள் நிறமற்றிருப்பதைக் கண்டு, அவை உள்ளிருந்து வரவில்லை, சூழவுள்ள காற்றிலிருந்தே வந்தன என்ற முடிவுக்குப் பிள்ளை தானாகவே வரும். நுவரெலியாவில் மேகமற்ற சனவரி, பெப்ரவரி இரவுகளில் நிலத்தின் மேற்பரப்பு உறைநிலைக்கும் கீழே குளிர்ந்துவிடும்போது, காற்றிலுள்ள நீராவி நேரடியாகவே பனிக்கட்டியாகப் புல்லிலும் தேயிலையிலும் படிகிறது. வானிலை அறிவித்தல்களில் துகள் உறைபனி எனக் குறிப்பிடப்படுவது இதுவே.

மேகத்தில் அவ்வளவு நீர் இருந்தும் அது ஏன் கீழே விழுவதில்லை?

நடுத்தர அளவுள்ள ஒரு திரள்மேகத்தில் சில நூறு தொன் நீர் இருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த நீர் மிகப் பரந்த இடத்தில் நுண்துளிகளாகப் பிரிந்து கிடக்கிறது. நுண்துளிகள் மிக மெதுவாகவே விழுகின்றன; கீழிருந்து எழும் காற்று அவற்றை மீண்டும் தூக்கிவிடுகிறது. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகும்போது மட்டுமே காற்றால் தாங்க முடியாத பாரத்தை அடைந்து மழையாக விழுகின்றன. ஒரு மழைத்துளி உருவாவதற்கு ஏறத்தாழ பத்து இலட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும். மேகங்கள் ஒன்றோடொன்று மோதுவதால் மழை பெய்கிறது என்ற விளக்கம் பல வீடுகளில் சொல்லப்படுகிறது; அது சரியல்ல, கைவிடப்பட வேண்டும்.

மேகத்துளி ஒவ்வொன்றும் உருவாவதற்கு ஒரு பற்றுக்கோடு தேவை. கடல் அலைகளிலிருந்து பறந்து வரும் உப்புத் துகளும், மண் தூசியும், புகைத் துகளும் அந்தப் பற்றுக்கோடாகின்றன. நாம் கடலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருந்தாலும், நம் மலையைச் சூழும் மேகத்துக்குள் கடலின் உப்பு இருக்கக்கூடும் என்பதைப் பிள்ளைகள் மிகவும் விரும்பிக் கேட்பார்கள்.

வட்டவளையில் மழை கொட்டும்போது பண்டாரவளையில் வெயில் அடிக்கிறதே, ஏன்?

பிள்ளைகள் கேட்கும் மிக நல்ல கேள்விகளில் இது ஒன்று. உறவினர் வீட்டுக்குச் சென்று வரும்போது அவர்கள் இதைத் தாங்களாகவே கவனித்துவிடுகிறார்கள். ஆகையால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்று இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்து வந்து, கினிகத்தேனை, வட்டவளை போன்ற இடங்கள் அமைந்துள்ள மேற்குச் சரிவில் மோதுகிறது. முன்னே செல்ல வழியில்லாததால் அது மேலே ஏறுகிறது. மேலே ஏறும் காற்று விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றிலுள்ள நீராவி ஒடுங்கி மேகமாகி மழையாகக் கொட்டுகிறது. உயரம் கூடக்கூடக் குளிர் கூடுவதைப் பிள்ளைகள் அனுபவத்தால் அறிவார்கள்: கொழும்பின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 27 பாகை செல்சியசு, நுவரெலியாவில் ஏறத்தாழ 16 பாகை. மேற்குச் சரிவின் மிக ஈரமான இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரையும் தாண்டுகிறது. வழிந்தோடாமலும் ஆவியாகாமலும் அப்படியே தேங்கினால், அந்த மழை ஐந்து மீற்றர் உயரத்துக்கு நிற்கும். லயத்தின் கூரை அதற்குள் மூழ்கிவிடும்.

நீரில் பெரும்பகுதியை இந்தப் பக்கத்திலேயே இழந்துவிட்ட காற்று மலைமுகட்டைக் கடந்து கிழக்கேயுள்ள ஊவாப் பக்கம் இறங்கும்போது வெப்பமடைந்து உலர்ந்துவிடுகிறது. எனவேதான் அதே மாதங்களில் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் வறண்ட காற்று வீசுகிறது. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சிக் காற்று வீசும்போது நிலைமை தலைகீழாகிறது: பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கங்கள் மழை பெறுகின்றன, ஹட்டன், தலவாக்கலைப் பக்கங்கள் ஒப்பீட்டளவில் உலர்ந்திருக்கின்றன. ஊவாவின் தரமான தேயிலை யூலை முதல் செப்டெம்பர் வரையிலும், மேற்குப் பக்கத்துத் திம்புளைப் பிரதேசத்தின் தரமான தேயிலை சனவரி முதல் மார்ச் வரையிலும் கிடைப்பதற்கு இந்த மாறிமாறி வரும் வறட்சியே காரணம். இரு பருவங்களுக்கும் இடைப்பட்ட மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் வேளைகளில் இடியுடன் மழை பெய்கிறது.

நம் ஊரில் பெய்த மழை எங்கே போகிறது?

ஒரு பகுதி உடனே ஆவியாகிவிடுகிறது. ஒரு பகுதி கான், ஓடை, ஓயா என வழிந்தோடுகிறது. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. வழிந்தோடும் நீரின் பயணத்தை ஊர்ப் பெயர்களோடு சொல்வது, அம்புக்குறிகளைக் காட்டுவதைவிடப் பன்மடங்கு பயன் தரும்.

ஹட்டன் மலைமுகட்டை எடுத்துக்கொள்வோம். அருகருகே விழும் இரண்டு மழைத்துளிகளில் ஒன்று ஹட்டன் ஓயாவின் பக்கமும் மற்றொன்று டிக்கோயாவின் பக்கமும் வழிந்தால், அவை பின்னர் சந்திப்பதேயில்லை. முதலாவது துளி மகாவலி கங்கையைச் சேர்ந்து, 335 கிலோமீற்றர் நீளமுள்ள அந்த நதியின் வழியே திருகோணமலைக்கு அருகேயுள்ள கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. அல்லது 1976 ஆம் ஆண்டு முதல் கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் நீரோடு சேர்ந்து வடமத்திய வயல்களுக்குச் செல்கிறது. இரண்டாவது துளி காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, மின்சாரம் பிறப்பிக்கும் சுழலிகளைச் சுழற்றிவிட்டு, களனி கங்கையாகிக் கொழும்பு மக்களின் குடிநீராகிறது. எஞ்சியது கொழும்பின் வட எல்லையில் கடலோடு கலக்கிறது. பிள்ளைக்குத் தன் ஊர் ஓயா எந்த நதியைச் சேர்கிறது என்பதைக் கண்டுபிடித்துச் சொல்வது பெற்றோரின் முதற்கடமை என்றே கருதுகிறேன்.

மண்ணுக்குள் இறங்கிய நீர் பாறைக்கும் மண்ணுக்கும் இடையே மெதுவாக நகர்ந்து, சரிவின் கீழே ஊற்றாக வெளிப்படுகிறது. மழை நின்று வாரக்கணக்கான பின்னரும் பீலியில் தண்ணீர் வருவதற்கு இதுவே காரணம்.

மரங்களுக்கும் செடிகளுக்கும் இதில் பங்கு உண்டா?

பெரும் பங்கு உண்டு. வேர்கள் உறிஞ்சிய நீரை இலைகள் நுண்துளைகள் வழியே நீராவியாக வெளிவிடுகின்றன. இதனை ஆவியுயிர்ப்பு என்பர். தோட்டத்துக் கொய்யாக் கிளை ஒன்றைக் காலையில் நிறமற்ற பொலித்தீன் பையால் மூடி இறுகக் கட்டிவிட்டு, மதியம் பார்த்தால் பைக்குள் நீர்த்துளிகள் படிந்திருக்கும். தேயிலைச் செடியில் மருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் சிறுவரின் செயற்பாட்டுக்கு அது ஏற்றதன்று.

ஹோர்ட்டன் சமவெளியைப் போன்ற உயர்ந்த இடங்களிலுள்ள மேகக் காடுகள் இன்னொரு வேலையையும் செய்கின்றன. பாசி படர்ந்த கிளைகளில் பனிமூட்டத்தின் துளிகள் ஒட்டிச் சேர்ந்து, மழையே பெய்யாத நாளிலும் நிலத்தில் சொட்டுகின்றன. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளும் அந்த உயர்நிலத்தின் நீரைப் பெறுகின்றன. காடு வெட்டப்பட்டால் அந்தச் சொட்டும் நின்றுவிடும்.

கடல் நீர் உப்பாக இருக்கும்போது மழை நீர் ஏன் உப்பாக இல்லை?

நீர் ஆவியாகும்போது உப்பு பின்தங்கிவிடுகிறது. ஒரு தட்டில் உப்புக் கரைசலை ஊற்றி வெயிலில் வைத்தால் சில நாட்களில் உப்பு மட்டும் எஞ்சியிருக்கும். மேகத்துளிக்குப் பற்றுக்கோடாக அமையும் உப்புத் துகள் நாவுக்குத் தெரியாத அளவு சிறியது.

நீர் சுற்றிக்கொண்டே இருக்குமென்றால் தண்ணீர்த் தட்டுப்பாடு ஏன் வருகிறது?

புவியிலுள்ள நீரின் மொத்த அளவு ஏறத்தாழ மாறாமல் இருக்கிறது. ஆனால் அதில் ஏறத்தாழ 97 சதவீதம் கடல் நீர். எஞ்சியதில் பெரும்பகுதி துருவங்களிலும் பனிமலைகளிலும் உறைந்து கிடக்கிறது. நாம் பயன்படுத்தக்கூடிய நீர் மிகக் குறைவு. அதுவும் வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் கிடைக்க வேண்டும். நீராவி காற்றில் தங்கியிருப்பது சராசரியாக ஒன்பது, பத்து நாட்கள்தான். கடலுக்குள் சென்ற நீரோ சராசரியாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே தங்கிவிடலாம்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் நீர் மட்டம் வறட்சிக் காலத்தில் வெகுவாகக் குறையும்போது, அதற்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில் எச்சங்கள் வெளியே தெரிவதை மலையகத்தார் பலரும் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைக்கு, நீர் அழியவில்லை, இப்போது இங்கே இல்லை என்று விளக்குவது எளிது. ஊற்றுக்கு மேலே குப்பை கொட்டினாலோ, கழிவுநீரைத் திறந்து விட்டாலோ, நீர் இருந்தும் குடிக்க முடியாமற் போகும் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மண்சரிவுக்கு அஞ்சி, மழையென்றாலே அழும் பிள்ளைக்கு என்ன சொல்வது?

அந்த அச்சத்தை அற்பமாக எண்ணாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடி உயிர்களைக் கொண்டுபோனதை நம் மக்கள் மறக்கவில்லை. வீட்டில் பெரியவர்கள் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். "ஒன்றும் நடக்காது" என்று பொய்யான உறுதி கூறுவதைக் காட்டிலும், உள்ளதை விளக்குவதே அவர்களுக்கு ஆறுதல் தரும். மண்ணின் துளைகளெல்லாம் நீரால் நிறையும்போது மண் பாரமாகிறது, துணிக்கைகளுக்கிடையேயான பிடிப்பும் தளர்கிறது. செங்குத்தான சரிவில் அத்தகைய மண் வழுக்கி இறங்கக்கூடும். சாதாரண மழை ஒவ்வொன்றும் இவ்வாறு செய்வதில்லை. நீடித்த கனமழையே ஆபத்தானது.

நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரெனத் தோன்றும் அல்லது வற்றும் ஊற்று, ஊற்று நீர் சேறாக மாறுதல், சாயும் மரமும் மின்கம்பமும் ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் பெரியவரிடம் உடனே சொல்ல வேண்டும் என்பதைப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்தால் வீட்டை விட்டு எங்கே செல்வது என்பதைக் குடும்பமாக முன்கூட்டியே தீர்மானித்துப் பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள். காரணமும் தெரிந்து, செய்ய வேண்டியதும் தெரிந்த பிள்ளையின் அச்சம் குறைகிறது.

எந்த வயதில் எவ்வளவு சொல்வது?

முன்பள்ளிப் பிள்ளைக்கு, நனைதல், காய்தல், பனிமூட்டம், மழை ஆகியவற்றைத் தொட்டும் பார்த்தும் அறிந்தால் போதும், கலைச்சொற்கள் வேண்டியதில்லை. முதலாம், இரண்டாம் தரத்தில் நீர் இடம் மாறுகிறது என்ற எண்ணத்தை ஊன்றலாம். ஆவியாதல், ஒடுங்குதல் என்ற சொற்களை, பிள்ளை அவற்றைக் கண்ணால் கண்ட பின்னர் மட்டுமே தாருங்கள். நான்காம், ஐந்தாம் தரங்களில் பருவப்பெயர்ச்சியும் நதிகளும் சேரலாம்.

பிள்ளை வரைந்த நீர் வட்டம் பாடநூல் படத்தைப் போல இல்லை. திருத்த வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். கடல், மேகம், மலை, ஆறு என ஒரே வளையமாக வரையப்படும் படம் எளிமையாக்கப்பட்டது. உண்மையில் கடலிலிருந்து ஆவியாகும் நீரின் பெரும்பகுதி மீண்டும் கடலிலேயே மழையாக விழுகிறது. மலையில் பெய்யும் மழையில் ஒரு பகுதி கடலைக் காணாமலே இலைகளிலிருந்தும் மண்ணிலிருந்தும் மீண்டும் காற்றுக்குச் செல்கிறது. ஆகவே பிள்ளை தேயிலைச் செடியிலிருந்தோ கொடியில் தொங்கும் துணியிலிருந்தோ மேகத்துக்கு அம்புக்குறி போட்டிருந்தால் அது சரியான அம்புக்குறியே. ஒவ்வோர் அம்புக்குறியிலும் விரலை வைத்து, இங்கே நீர் எந்த வடிவில் இருக்கிறது, ஏன் நகர்கிறது என்று கேளுங்கள். பதில் வராத இடத்தில் படத்தை மூடிவைத்துவிட்டு, அதற்குரிய செயற்பாட்டை மீண்டும் ஒருமுறை செய்து காட்டுங்கள்.